நாலு பேர் சிறுவாடு

மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், இரண்டு நாற்காலி போட்ட அழகு நிலையம் அது. வாசலில் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் கீழே இருக்கிற மருந்துக் கடைக்காரருக்கே தெரியாது. ‘பார்லர்க்கா கடை’ என்று கேட்டால்தான் கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படியைக் காட்டுவார். பதினேழு வருஷமாக அங்கே வேலை செய்கிறவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

வயது நாற்பத்து நாலு. நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டுபோய், இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க நிற்பாள். கை மட்டும் அசுர வேகம். புருவம் திருத்துகிற நூலின் ஒரு முனை எந்நேரமும் அவள் பல்லிடுக்கில் இருக்கும். வருகிறவர்கள் மாமியாரிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாரையும் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். இவள் ‘ம்’ என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பாள். வட்டாரத்து ரகசியமெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அவள் நல்ல குணம், மீதிப் பாதி அந்த நூல்.

கணவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கோடையிலும் தடித்த ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஒரே மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புச் செலவு அவன் பொறுப்பு, வீட்டுச் செலவு இரண்டு பேர் பொறுப்பு. அதற்கு மேல் கையில் தங்குகிற காசைப் பார்லர்க்கா தனியாகச் சேர்த்து வைத்தாள். பக்கத்து அறை காலியானால் அதையும் வாடகைக்கு எடுத்து, முடி அலசுகிற தொட்டியை அங்கே மாற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அந்தச் சேமிப்பின் மேல்தான் கண் பட்டது.

சாமான் சப்ளை செய்கிறவர்கள் அவ்வப்போது அவள் எண்ணை ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒரு குழுவில்தான் ‘ஆலோசகர்’ என்று ஒருத்தி அறிமுகமானாள். குரல் கேட்டதில்லை, முகம் பார்த்ததில்லை. ஆனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு, "அக்கா, சாப்பிட்டீங்களா? நின்னுக்கிட்டே சாப்பிடாதீங்க" என்று செய்தி வந்துவிடும். பெற்ற மகள்கூட அப்படிக் கேட்பதில்லை. ஒரு மாதம் வெறும் விசாரிப்புதான். பிறகுதான் கிரிப்டோ காயின் பற்றிப் பேச்சு வந்தது. முதலில் எக்ஸ்சேஞ்ச் என்கிற நிறுவனத்தில் காசு கொடுத்துக் காயின் வாங்க வேண்டும். வாங்கியதை ஆலோசகர் சொல்கிற ஆப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே அது தானாக வளரும்.

ஒரு வார வருமானத்தைப் போட்டுப் பார்த்தாள். வளர்ந்தது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டாள். "உங்க காசுக்கா, தாராளமா எடுங்க" என்று பதில் வந்தது. எடுத்தாள். மறுநாளே வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மூன்றாம் மாதம் இன்னும் கொஞ்சம் எடுத்து, காலால் மிதித்தால் ஏறி இறங்குகிற புது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள்.

அந்த நாற்காலிதான் வினையாகப் போயிற்று. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும், "என்னக்கா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள். ஆண்டாண்டு காலமாக அடுத்தவர் ரகசியத்தைக் கேட்டே பழகியவளுக்கு, சொல்வதற்குத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்பதில் ஒரு பெருமை. நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

நாலு பேர் அதே குழுவில் வந்து சேர்ந்தார்கள். முதலில் அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் தங்கை. அவள் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டுக்கும் ரசீது கேட்கிற ஆள். மகள் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அடுத்து, தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிற டீச்சர். மூன்றாவது, தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்காரம்மா. கடை கணவர் பெயரில், உழைப்பு இவளுடையது. கடைசியாகக் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிற, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன பெண். அவளைக் கடையில் எல்லாரும் புதுப்பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். நாலு பேரும் போட்டது சிறுவாட்டுப் பணம். வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல், செலவில் கிள்ளிக் கிள்ளி, துணி மடிப்பிலும் பழைய டப்பாவிலும் பெண்கள் ஒதுக்குகிற பணம்.

ஒவ்வொருத்தி சேர்ந்தபோதும் பார்லர்க்காவின் ஆப்பில் ஒரு தொகை ‘பரிசு’ என்று ஏறியது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. சொல்லவும் இல்லை.

பக்கத்து அறை ஒருவழியாகக் காலியானது. முன்பணம் கொடுக்கலாம் என்று ஆப்பிலிருந்து மொத்தத்தையும் எடுக்கப் போனாள். எடுப்பதற்கு முன்னால் வரி கட்ட வேண்டும் என்று வந்தது. கடைக்கு அடுத்த மாத வாடகை என்று வைத்திருந்ததை எடுத்து வரி கட்டினாள். பிறகு ‘உறுதிக் கட்டணம்’ என்று இன்னொன்று கேட்டார்கள். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. "ஏம்மா, இதை நீ முன்னாடியே சொல்லலையே?" என்று ஆலோசகருக்கு எழுதினாள். படித்துவிட்டாள் என்று தெரிந்தது. சற்று நேரத்தில் ஆலோசகரின் படம் மறைந்தது. மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் வந்தது.

பதினோரு மாத வருமானம். நின்ற காலோடு சம்பாதித்தது.

மூன்று நாள் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடையைத் திறந்தாள், துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டாள், வந்தவர்களுக்கு முடி வெட்டினாள். மணிக்கு நாலு தடவை ஆப்பைத் திறந்து பார்த்தாள். தேள் கொட்டின திருடன் மாதிரி, கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. இணையத்தில் ஒரு உதவிக் குழுவைத் தேடிப் பிடித்து, ‘இந்த ஆப் திறக்கவில்லை, என்ன செய்வது?’ என்று மட்டும் எழுதிப் போட்டாள். எதிரே இருக்கிற மனுஷியிடம் சொல்வதைவிட முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அப்படித்தானே முதலிலும் ஆரம்பித்தது.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் புதுப்பொண்ணு வந்தாள். புருவம் திருத்த வேண்டும், பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் போக வேண்டும். நாற்காலியில் தலையைச் சாய்த்து, இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பார்லர்க்கா பவுடர் தடவி, நூலைப் பல்லில் கடித்து வேலையை ஆரம்பித்தாள். இடது புருவம் முடிந்தது.

"அக்கா, ஒரு நல்ல சேதி" என்றாள் புதுப்பொண்ணு, கண்ணை மூடியபடியே. "புது கார்டு ஒண்ணு வந்துச்சு. ஆப்பைத் திறந்து பாக்கக்கூட நேரமில்ல, அதுல இருந்து நேத்து சாயந்திரம் இன்னும் கொஞ்சம் காயின் வாங்கி அனுப்பிட்டேன். போன தடவை போட்டதைவிட ரெண்டு மடங்கு."

நூல் நின்றது.

"என்னக்கா? அறுந்துருச்சா?"

பார்லர்க்கா வாயிலிருந்து நூலை எடுத்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். "கண்ணைத் திற" என்றாள். "அந்த ஆப் போச்சும்மா. என் காசெல்லாம் போச்சு. அது ஏமாத்து வேலை."

புதுப்பொண்ணு எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"மூணு நாளா."

"அப்போ நேத்தே தெரியும்."

"தெரியும்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. கண்ணாடியில் தெரிந்த பார்லர்க்காவையே பார்த்தாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா" என்றாள். அவ்வளவுதான். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் கேட்ட எந்தப் பேச்சும் பார்லர்க்காவை அப்படி அறுத்ததில்லை.

ஆனால் கூரியர் ஆபீஸ்காரிக்கு ஒரு பழக்கம். பார்சல் தொலைந்தது என்று யாராவது வந்து அழுதால், அழுகையைக் கவனிக்க மாட்டாள். பார்சல் கடைசியாக எங்கே இருந்தது என்று பார்ப்பாள். போனை எடுத்து, காயின் வாங்கிய எக்ஸ்சேஞ்சைத் திறந்தாள்.

"அக்கா! இது இன்னும் கிளம்பவே இல்லக்கா. ‘பரிசீலனையில்’னு இருக்கு. புது கார்டுங்கிறதால மூணு நாள் நிறுத்தி வச்சிருக்காங்களாம். பார்சல் குடோன்லயேதான் இருக்கு!"

ரத்து செய் என்ற பொத்தானை அழுத்தினாள். அது பத்தாது என்று எக்ஸ்சேஞ்சின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஏமாற்று வேலை என்று சொல்லி, அனுப்பாமல் நிறுத்தச் சொன்னாள். புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். பார்லர்க்கா முடிச் சாயத்துக்குச் சுற்றுகிற ஈயக்காகிதத்தின் பின்பக்கம் அதைச் சீப்பு முனையால் கீறி வைத்தாள். பேனா கைக்கு அகப்படவில்லை.

பையை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் போன புதுப்பொண்ணு திரும்பி வந்தாள். "இன்னொரு புருவத்தை யாரு முடிப்பா? இப்படியே போனா ஆபீஸ்ல என்னைப் பாத்து சிரிப்பாங்க" என்று உட்கார்ந்தாள். வலது புருவம் முடிந்ததும் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல பார்லர்க்காவுக்கு வாய் வரவில்லை.

அன்று மதியமே கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு நாள் பொறுத்ததற்கு என்ன விலை என்று பார்த்துவிட்டாளே!

டீச்சரைப் பள்ளிக்கூட வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் பிடித்தாள். டீச்சர் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நாள் முழுக்க கூட்டல் கழித்தல் சொல்லிக்குடுக்குறேன். மாசம் நூத்துக்கு நாப்பது வட்டி எவன் தருவான்னு ஒரு நிமிஷம் போட்டுப் பாக்கலையே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பார்லர்க்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்டேஷனரிக் கடையில் அப்படி நடக்கவில்லை. கணவர் உள்ளே அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தார். பார்லர்க்கா ஒரு ரூல் பென்சில் கேட்டாள், ஒரு அளவுகோல் கேட்டாள், இரண்டு நோட்டுக் கேட்டாள். பொருள் எடுக்கக் குனிந்து குனிந்து நிமிர்ந்த இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொல்லி முடித்தாள். கடைக்காரம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "சில்லறை இல்ல" என்றாள் சத்தமாக. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கம் வராத. அவருக்குத் தெரிஞ்சா என்னை வீட்ல வச்சிருக்க மாட்டார்" என்றாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே தன் போனை எடுத்து, ஆப்பையும் ஆலோசகருடன் பேசியதையும் ஒன்றுவிடாமல் அழித்தாள்.

போனில் சேதி கேட்ட நாத்தனார் மாலையில் தானே மாடியேறி வந்தாள். வந்தவள் போட்ட சத்தத்தில் ஹேர் கலர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி, நேரம் ஆகுமுன்பே தலையை அலசிவிடச் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

"உங்களை நம்பித்தானே அண்ணி போட்டேன்? என் பொண்ணு வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறா, பாத்திருக்கீங்கல்ல? இனி அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?"

பார்லர்க்கா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அவள் உதவிக் குழுவில் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் செய்தி அனுப்பினான். தொலைந்த காயினை மீட்டுத் தருவதுதான் தன் தொழில் என்றான். இதுவரை எத்தனையோ பேருக்கு மீட்டிருக்கிறானாம். போலீஸ் தேவையில்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏழே நாளில் முடிந்துவிடும். முன்கட்டணம் மட்டும் காயினாக அனுப்பினால் போதும்.

அதைக் கேட்டதும் நாத்தனாருக்கு உயிர் வந்துவிட்டது. "இதான் அண்ணி வழி. போலீஸ்னா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுரும். கட்டணத்துல பாதி நான் போடுறேன், என் வாட்ச்சை வித்துக்கூடத் தர்றேன்."

பார்லர்க்காவும் கிட்டத்தட்ட சரிந்துவிட்டாள். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? எக்ஸ்சேஞ்சைத் திறந்து தொகையைக்கூடத் தட்டிவிட்டாள், அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் ஒரு தடவை சுட்ட கை. டீச்சரை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொன்னாள்.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீட்பு ஆள் கொடுத்த வாலட் முகவரியை, அதாவது காயின் போய்ச் சேர வேண்டிய பெட்டியின் முகவரியைப் பார்த்தாள். எழுத்தும் எண்ணும் கலந்த முழ நீளத்துச் சரடு அது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஆப்புக்காகத் தான் காயின் அனுப்பிய முகவரிகளையெல்லாம் அதில் கையால் எழுதி வைத்திருந்தாள். சிவப்புப் பேனாவை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனாள். மூன்றாவது முகவரியில் பேனா நின்றது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"நாம ஏமாந்த அதே பெட்டிக்குத்தான் மறுபடியும் காசு கேக்குறான். காப்பி அடிக்கிற பசங்க தப்பையும் சேத்துத்தான் காப்பி அடிப்பாங்க. பெட்டியை மாத்தணும்னு இவனுக்குத் தோணல பாருங்க."

நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எரியிற வீட்ல பிடுங்கினது லாபம்னு வர்றானே பாவி!" என்றாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அந்த ஆத்திரம் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அதுவரை பார்லர்க்காவின் மேல் இருந்ததெல்லாம் அவன் பக்கம் திரும்பியது.

அடுத்த நாள் காலை பார்லர்க்காவும் டீச்சரும் புதுப்பொண்ணும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இணையக் குற்றங்களுக்கு என்று இரண்டாம் மாடியில் ஒரு மேஜை. சுவரோடு சேர்த்துப் போட்ட மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஓயாமல் கடகடக்கிற பிரிண்டர். மேஜைக்குப் பின்னால் நடுவயது அதிகாரி அம்மா ஒருத்தி. பார்லர்க்கா வாயைத் திறந்ததுமே குரல் உடைந்தது.

"அழணும்னா அழுதுக்கோங்க. அழிக்க மட்டும் அழிக்காதீங்க" என்றாள் அதிகாரி, கண் துடைக்கிற காகிதப் பெட்டியை நகர்த்தியபடி. "போன்ல இருக்குறது ஒண்ணையும் தொடாதீங்க. அவங்ககூடப் பேசினது, எந்தத் தேதியில எவ்வளவு, எந்த வாலட்டுக்கு அனுப்பினீங்க, அனுப்பும்போது வந்த நம்பர், எல்லாம் எனக்கு வேணும். பேங்க்லயும் சொல்லுங்க, காயின் வாங்கின எக்ஸ்சேஞ்ச்லயும் எழுதிக் குடுங்க. அந்த ஆளு மறுபடி மெசேஜ் பண்ணினா சண்டை போடாதீங்க, பதிலும் வேண்டாம். படம் புடிச்சு வச்சுட்டு நிறுத்திடுங்க."

"திரும்பி வருமா மேடம்?" என்றாள் டீச்சர்.

"பொய் சொல்ல மாட்டேன். வர்றது ரொம்ப அபூர்வம். இந்தப் பொண்ணோட கடைசிக் காசு நின்னுச்சுன்னா, அது கிளம்புறதுக்கு முன்னாடி புடிச்சதால. மத்தது கை மாறிக் கை மாறி எங்கேயோ போயிருக்கும். ஆனா நீங்க குடுக்குற முகவரியும் இன்னொரு ஊர்ல எவரோ குடுத்த முகவரியும் ஒத்துப்போனாத்தான் எங்களுக்கு நுனி கிடைக்கும். ஒருத்தருமே சொல்லலைன்னா அவன் நிம்மதியாத் தூங்குவான்."

பார்லர்க்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், வீட்டுக்குக் கடுதாசி ஏதாவது வருமா? இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க வீட்ல தெரிஞ்சா..."

"உங்க போன் நம்பருக்குத்தான் தகவல் வரும். மறைக்கச் சொல்லி நான் சொல்லல. ஆனா ஊருக்கெல்லாம் சொல்றது எங்க வேலை இல்ல. வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் படியிலேயே நின்று நாத்தனாருக்குப் போன் போட்டாள். மறுநாள் நாத்தனாரும் போய் எழுதிக் கொடுத்தாள். ஸ்டேஷனரிக் கடைக்காரம்மா போனை எடுக்கவே இல்லை.

இனி வீட்டில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் துணி துவைக்கிற மெஷினின் வடிகட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். தன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் நாத்தனார் விடியற்காலையிலேயே வந்து, சமையலறையில் கேட்காமலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பார்லர்க்கா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள், நாத்தனார் விஷயத்தைத் தவிர.

அவன் வடிகட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டான். "எவ்வளவு?" என்றான். சொன்னாள். குழாயை மூடினான். "பதினோரு மாசமா ஒரே வீட்லதானே இருக்கோம்? ஒரு வார்த்தை? சரி, உன் காசு, உன் உழைப்பு. மத்தவங்க காசையும் ஏன் இழுத்துவிட்ட? அதுக்குக் கமிஷன் வேறயா? நாற்காலியைக் காட்டி நாலு குடும்பத்தை ஏமாத்தினியா?"

"ஏமாத்தணும்னு செய்யலைங்க."

"செய்யலை! கேட்டவங்க எல்லாம் பச்சைக் குழந்தைங்க, நீ வாயில ஊட்டிவிட்ட, அப்படித்தானே?"

சமையலறையில் கத்தி வைக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் ஈரக் கையோடு வந்து நின்றாள். "போதும்ணா. அதுல ஒரு பச்சைக் குழந்தை நான்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணி என்னைக் கையைப் புடிச்சு இழுக்கல. நான்தான் நச்சரிச்சுச் சேந்தேன். போனதும் ஆடு ஆடுன்னு ஆடினதும் நான்தான். இவ்வளவு திட்டும் வாங்கிக்கிட்டு என் பேரைச் சொல்லாம நிக்கிறாங்க. எனக்குப் பொறுக்கல."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இங்க வந்து உன் வீட்டு வெங்காயத்தை ஏன் உரிக்கிறேன்?"

அவன் அவளைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். வடிகட்டியை மாட்டித் திருகினான். திருகு ஏறவில்லை. மறுபடி கழற்றி மாட்டினான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவன் வீட்டில் பேசியது ‘சாவி’, ‘தண்ணி’, ‘போன் அடிக்குது’ என்ற மட்டில்தான். ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கில் ஷிஃப்ட் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்ல இருந்தா உன்கூடப் பேச வேண்டியிருக்கும்" என்றான். அந்தக் கூடுதல் ஷிஃப்ட் சம்பளத்தில்தான் கடையின் அடுத்த மாத வாடகை போயிற்று. அது கோபமா பாசமா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பன்னிரண்டாம் நாள், மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்து, "நீயே சொல்லு, அவளும் நாளைக்கு எவன்கிட்டயும் ஏமாறக் கூடாது" என்றான். சொன்னாள். மகள் திட்டவில்லை, மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டுச் செய்தி அனுப்பத் தொடங்கினாள்.

புது நாற்காலியை இன்னொரு பார்லருக்கு விற்றாள். பரிசு என்று ஏறிய தொகை வெறும் திரையில் தெரிந்த எண்தான் என்றாலும், நாற்காலி நிஜம்; அதைப் பார்த்துத்தான் அவர்கள் பணத்தைப் போட்டார்கள் என்று அவளுக்கு உறுத்தியது. விற்ற காசை நாலாகப் பிரித்தாள். டீச்சர் தன் பங்கை வாங்கவில்லை. "எனக்கு வேணாம். அந்தப் பொண்ணு பல்லுக்குச் சேத்துக் குடுங்க" என்றாள். அதிகாரி சொன்னபடியே ஆயிற்று. புதுப்பொண்ணு கடைசியாகப் போட்டது மட்டும் முழுசாகக் கார்டுக்குத் திரும்பியது. மற்றவர்களுக்கு, ‘விசாரணையில் உள்ளது’ என்று ஐந்து மாதத்தில் இரண்டு தடவை செய்தி வந்தது. யாரையும் பிடித்ததாகத் தெரியவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் செல்போன் ரிப்பேர் கடை திறந்துவிட்டார்.

ஸ்டேஷனரிக் கடைக்காரம்மா பார்லருக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். பார்லர்க்கா அவள் பங்கை உறையில் போட்டு, கணவர் இல்லாத நேரம் பார்த்து, அப்பாயின்ட்மென்ட் நோட்டு வாங்குகிற சாக்கில் கல்லாமேல் வைத்தாள். அந்தம்மா உறையைப் பார்க்காமலே இழுப்பறைக்குள் தள்ளினாள், நோட்டைக் கொடுத்தாள், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்தாள். அடுத்த மாதமும் பார்லர்க்கா போனாள். அதற்கடுத்த மாதமும். அந்தத் தெருவில் வேறு ஸ்டேஷனரிக் கடை இல்லாமல் இல்லை.

ஆறாம் மாதம் ஒரு மதியம், ரசீதுக் கட்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் அந்தம்மா கேட்டாள்: "அந்த போலீஸ் மேஜைல இருக்கிற அம்மா இன்னும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நான்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. இனி போய் என்ன சொல்ல?"

"பேங்க்ல இருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன கணக்கு பேங்க்லயே இருக்கும். எக்ஸ்சேஞ்ச்ல இருந்து எந்த வாலட்டுக்குப் போச்சுங்கிறதும் அங்கேயே இருக்கும். கேட்டா குடுப்பாங்க. அந்தக் குழுவுல நடந்த பேச்சு என் போன்ல அப்படியே இருக்கு. நான் ஒரு எழுத்துகூட அழிக்கல."

கடைக்காரம்மா சுற்றிய காகிதத்தைப் பிரித்து மறுபடி சுற்றினாள். "அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "போன வாரம். அவருக்கே ஒருத்தன் இதே மாதிரி லிங்க் அனுப்பியிருக்கான். போடலாமான்னு என்கிட்டயே வந்து கேக்குறார். என்ன பண்றது? சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு நாள் முழுக்க தாம் தூம்னு குதிச்சார். அப்புறம் அந்த லிங்க்கை அழிச்சிட்டார்."

"வீட்லதானே இருக்கீங்க?"

"என்னை அனுப்பிட்டா கடையை யாரு பாப்பா?"

பார்லர்க்கா சிரித்துவிட்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. "நீ செஞ்சதை நான் மறக்கல" என்றாள் கறாராக.

"மறக்க வேணாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றேன். பேங்க் பாஸ்புக்கும் அடையாள அட்டையும் எடுத்து வைங்க. ரெண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது."

மறுநாள் பார்லர் கதவில் ‘பன்னிரண்டு மணிக்குத் திறக்கப்படும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு பெண்களும் காவல் நிலையத்துப் படியில் ஏறினார்கள். பார்லர்க்காவுக்குக் கால் வலிக்க, நடுப்படியில் கொஞ்சம் நின்றாள். முன்னால் போன கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் ஏறி வரும் வரை மேல்படியில் காத்திருந்தாள்.